தொட்டிலை ஆட்டுவது யார்?

இரவு மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. ஊர்த் திடலில் எங்கு பார்த்தாலும் தலைகள், தலைகள், தலைகள்! மேடையிலே வள்ளி திருமணம். பரண்மீது நின்று தினைப்புனம் காக்கிறாள் வள்ளி. நாரதர் வருகிறார், தர்க்கம் புரிகிறார், போகிறார். ஆர்மோனியம் உருகுகிறது, மிருதங்கம் அதிர்கிறது, ஆல்ரவுண்டுக்காரர் இடியும் மின்னலுமாக முழக்குகிறார். ஐம்பது ரூபாய் அன்பளிப்பு, நூறு ரூபாய் அன்பளிப்பு என்று ஒலிபெருக்கி பெயர் படிக்கிறது. கதை புராணம், அதிலே நமக்கு உடன்பாடு இல்லை என்பதை நாடு அறியும். ஆனால் ஆடுகிறவள் புராணம் அல்ல; அவள் வயிற்றுப் பசி புராணம் அல்ல. ஆகவே, மேடைக்குப் பின்னால் சென்று பார்த்தோம்.

ஒப்பனைப் பெட்டிக்கு அருகே, மண் தரையில் விரித்த பழஞ்சேலையின்மீது ஒரு கைக்குழந்தை. பக்கத்தில் அதன் பாட்டி, ஓலை விசிறியோடு. கொசு மொய்க்கிறது. ஒலிபெருக்கியின் ஓலம் காதைப் பிளக்கிறது. குழந்தை விழித்துக்கொண்டு வீறிடுகிறது. பபூன் மேடையேறி மக்களைச் சிரிக்கவைக்கும் அந்தச் சிறு இடைவேளையில் ஓடி வருகிறாள் வள்ளி. அள்ளி எடுக்கிறாள். குழந்தை இன்னும் பலமாக அழுகிறது! அரிதாரம் பூசிய முகத்தை அதற்கு அடையாளம் தெரியவில்லை. "நான்தாண்டா கண்ணு, அம்மாடா" என்று குரல் கேட்ட பிறகுதான் அடங்குகிறது. பால் குடித்து முடிப்பதற்குள் திரைக்கு அந்தப் பக்கமிருந்து அழைப்பு. வேலன் வரும் நேரமாகிவிட்டது.

நம் பக்கத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் நின்றார். நல்லவர்தான். நாடகத்துக்கு வரி கொடுத்தவர், அன்பளிப்பும் கொடுத்தவர். அவர் உச்சுக்கொட்டிச் சொன்னார்: "கைக்குழந்தையை வைச்சுக்கிட்டு இந்தப் பொம்பளைக்கு இந்தப் பொழைப்பு தேவையா?"

வேலன் வேடம் போட்ட தோழருக்கு மூன்று குழந்தைகள். கடைசிக் குழந்தைக்கு அன்று காய்ச்சல். அவரே நம்மிடம் சொன்னார். அவரைப் பார்த்து அந்தப் பெரியவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை! வேலன் வீட்டுத் தொட்டிலை வேலன் மனைவி ஆட்டுகிறாள். வள்ளி வீட்டுத் தொட்டிலை ஆட்டுவது யார்?

கலையும் வேண்டும், குடும்பமும் வேண்டும் என்றால் இரண்டையும் எப்படி நடத்துவது என்று மேடைக் கலைஞர்களைப் பலரும் கேட்கிறார்கள். கேட்கத்தக்க கேள்விதான். ஆனால் ஆணைக் கண்டால் அந்தக் கேள்வி வாய்க்குள்ளேயே தங்கிவிடுகிறது. பெண்ணைக் கண்டால் பாய்ந்து வெளியே வருகிறது. அதுவும் கேள்வியாக வருவதில்லை, தீர்ப்பாக வருகிறது.

தமிழ் நாடக மேடையின் வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள், தோழர்களே! மேடை முதலில் விழுங்கியது குடும்பத்தைத்தான். பாய்ஸ் கம்பெனி என்று ஒரு காலம் இருந்தது. 1918ஆம் ஆண்டில் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டே ஒரு சபை அமைத்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள். எம்.ஜி.ஆரும் அவர் தமையன் சக்கரபாணியும், வீட்டில் அடுப்பு எரியாத காரணத்தால், பிள்ளைப் பருவத்திலேயே கம்பெனியில் சேர்க்கப்பட்டவர்கள். பிற்காலத்தில் அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் நடித்து, பெரியார் வாயால் 'சிவாஜி' ஆன கணேசன் என்ன செய்தார்? தாய் தந்தை உயிரோடு இருக்கும்போதே, "நான் அநாதை" என்று பொய் சொல்லிக் கம்பெனியில் சேர்ந்தார்! மேடை ஏறுவதற்குக் கொடுக்கவேண்டிய முதல் விலை, அம்மா இல்லை என்று சொல்வது. அந்தக் கம்பெனிகளிலே பெண் வேடத்தையும் சிறுவர்களே போட்டார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் ஸ்திரீபார்ட்டின் மவுசும் உடைந்தது. வளர்ந்த பிறகு ஔவை வேடம் தாங்கி, 'ஔவை' என்ற அடைமொழியையே பெயராகப் பெற்றார் டி.கே.சண்முகம். அவர் திறமைக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனாலும் ஒரு விந்தையைப் பாருங்கள்: ஆண் பிள்ளை கிழவி வேடம் போட்டால் நாடு கை தட்டிற்று, பெண் பிள்ளை பெண் வேடம் போட்டால் "குடும்பப் பெண் செய்கிற காரியமா?" என்று அதே நாடு கேட்டது!

அப்படிக் கேட்ட நாட்டிலேதான் கொடுமுடியிலிருந்து ஒரு குரல் புறப்பட்டது. கே.பி.சுந்தராம்பாள். அவர் பாடியது காங்கிரஸ் மேடையில். நம் மேடையில் அல்ல. அதனால் என்ன? உண்மையைச் சொல்லக் கட்சி தடையில்லை. செங்கோட்டை கிட்டப்பாவும் அவரும் சேர்ந்து நடித்தால் கொட்டகை கொள்ளாது. மேடையில் சேர்ந்தவர்கள் வாழ்விலும் சேர்ந்தார்கள். கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி உண்டு. அதை அந்தக் காலம் தவறென்று கருதவில்லை. 1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தார், வயது 27. சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று உடுத்தினார் வெள்ளைச் சேலை. 1980ஆம் ஆண்டு மறையும் வரையில் அதே வெள்ளை. இனி ஆணோடு சோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935ல் 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் பெற்றார். அந்நாளில் யாரும் கேள்விப்படாத தொகை. அதிலே அவர் ஏற்ற வேடமும் ஆண் வேடம், நந்தன் வேடம்! சட்ட மேலவையில் உறுப்பினராகவும் அமர்ந்தார். பணம் வந்தது, புகழ் வந்தது, பதவி வந்தது. அந்த 25 வயதுப் பெண்ணுக்கு இழந்த வாழ்வு மட்டும் திரும்ப வரவில்லை. அவராக எடுத்த முடிவு அது. அதை நாம் இழித்துரைக்க மாட்டோம். ஆனால் அந்த முடிவைக் கண்டு கையெடுத்துக் கும்பிட்ட நாட்டைப் பார்த்துக் கேட்கிறோம்: இருபத்தைந்து வயதில் மனைவியை இழந்த எந்த ராஜபார்ட் வெள்ளை உடுத்தினார்? எந்த ராஜபார்ட், இனிப் பெண்ணோடு நடிக்கமாட்டேன் என்று சொன்னார்? சொல்லியிருந்தால்தான் இந்த நாடு அவரைக் கும்பிட்டிருக்குமா? "பைத்தியம்" என்றல்லவா சொல்லியிருக்கும்!

பைத்தியம் என்றதும் நமக்கு ஒரு நாடகம் நினைவுக்கு வருகிறது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் தமிழகத்தைச் சிரிக்கவைத்துச் சிந்திக்கவைத்த சோடி. 1944ஆம் ஆண்டின் இறுதியில் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கிலே கலைவாணர் கைதானார். 1945ல் ஆயுள் தண்டனை. சிரிப்பு சிறைக்குப் போயிற்று! நேற்றுவரை வாசலில் காத்துக் கிடந்தவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று கேட்கத் தேவையில்லை. விழுந்தவன் வீட்டுப் பக்கம் வெளிச்சம் போட யார் வருவார்கள்? மதுரம் அம்மையார் என்ன செய்தார்? "ஐயோ, என் தலைவிதி" என்று மூலையில் உட்கார்ந்தாரா? கோயில் கோயிலாகச் சுற்றினாரா? இல்லை. கணவன் பெயரிலேயே நாடக சபா நடத்தினார். எஸ்.வி.சகஸ்ரநாமம் துணை நின்றார். 'பைத்தியக்காரன்' நாடகம் மேடை ஏறிற்று. 1947ல் அது படமாகவும் வந்தது. ஒரு பக்கம் வழக்குச் செலவு. இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு, தோழர்களே! மறு பக்கம் சபாவை நம்பி வாழ்ந்த நடிகர்கள், வாத்தியக்காரர்கள், திரை இழுப்போர், அத்தனை பேர் வீட்டு உலை. இரண்டையும் ஒரு பெண்ணின் தோள் தாங்கிற்று. மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்கவேண்டும் என்று பிரிவி கவுன்சில் சொல்ல, 1947 ஏப்ரலில் விடுதலை பெற்று வெளியே வந்தார் கலைவாணர். அவர் பெயரும் புகழும் மறையாதபடி காத்தது எது? "குடும்பப் பெண்ணுக்கு ஆகாது" என்றார்களே, அந்த மேடைதான்!

நம் இயக்கத்துக்கும் இதிலே ஒரு கடன் உண்டு. அந்தச் சபாவிலிருந்து பிரிந்துவந்து நடிப்பிசைப் புலவர் கே.ஆர்.இராமசாமி அமைத்ததுதான் கிருஷ்ணன் நாடக சபா. அந்தச் சபாவுக்கு எழுதித் தரப்பட்டவைதாம் அண்ணாவின் 'வேலைக்காரி'யும் 'ஓர் இரவு'ம். அந்த நாடகங்கள் பத்து மாநாடு செய்யும் வேலையை ஒரு இரவிலே செய்தன. "கூத்தாடிகள் கட்சி" என்று நம்மை எள்ளினார்கள். 1967ல் அந்தக் கூத்தாடிகளின் கையிலேதான் கோட்டையின் சாவியை மக்கள் கொடுத்தார்கள்! மேடையில் ஏறி வந்தவர்கள் நாம். ஏணியை எட்டி உதைக்கும் இழிகுணம் நமக்கு இருக்கக்கூடாது.

மனோரமாவை அறியாதார் உண்டா? தந்தை கைவிட்ட வீட்டிலிருந்து தாயோடு பள்ளத்தூர் வந்து, நாடகம் நாடகமாக ஏறி, எஸ்.எஸ்.இராசேந்திரன் நாடக மன்றத்திலே கலைஞரின் 'மணிமகுட'த்தில் நடித்துப் பெயர் வாங்கியவர். 1964ல் நாடகத் தோழர் ஒருவரை மணந்தார். ஆண் குழந்தை பிறந்தது. மணவாழ்வு மட்டும் சில காலத்திலேயே முறிந்தது. அதன் பிறகு 2015ல் மறையும் வரை எத்தனை படங்கள், எத்தனை வேடங்கள்! தாயார் இருந்தார், பேரனைத் தூக்கிக்கொண்டார், மகள் நடிக்கப் போனார். மேடைக்குப் பின்னால் நாம் கண்ட ஓலை விசிறியும் ஒரு பாட்டியின் கையில்தான் இருந்தது. தமிழ் மேடையில் பெண் நடித்த காலமெல்லாம் திரைக்குப் பின்னால் அவள் தாய் இருந்திருக்கிறாள். அந்தத் தாய்க்கு நோய் வந்தால்? அவள் கண்ணை மூடினால்?

சரி, புகழ் பெற்றவர்களை விடுவோம். அவர்கள் பெயரைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். மதுரையிலும் புதுக்கோட்டையிலும் காரைக்குடியிலும் திண்டுக்கல்லிலும் நடிகர் சங்கத்தில் பெயர் பதிந்து, ஸ்பெஷல் நாடகம் ஆடிப் பிழைக்கிற ஆயிரமாயிரம் பேரின் கணக்கைப் பார்ப்போம். அந்தத் தொழிலின் நெளிவு சுளிவு ஆலைத் தொழிலாளத் தோழர்களுக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளவேண்டும்.

ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது. முதலாளி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர், ஆர்மோனியம் ஓர் ஊர். விழாக் குழு தனித்தனியே ஆளைப் பேசி, முன்பணம் கொடுத்துத் தேதி வாங்கும். ஒத்திகை இல்லை. இரவு மேடையிலே சந்திப்பார்கள், விடிய விடிய ஆடுவார்கள், விடிந்ததும் பிரிவார்கள். நேற்று வள்ளியை வேலைக்கு வைத்த ஊர் வேறு, இன்று வைத்த ஊர் வேறு. பங்குனி தொடங்கி ஆடி வரையில்தான் நாடகம் மிகுதி. அந்தச் சில மாதத்து இரவுகளில் சம்பாதிப்பதுதான் ஆண்டு முழுவதற்கும் அரிசி, வாடகை, வட்டி, பிள்ளையின் பள்ளிச் செலவு.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு நடிகைக்குச் சித்திரையில் பேறுகாலம் என்றால் என்ன ஆகும்? அந்த ஆண்டு நாடகம் போயிற்று. ஆறு மாத வயிற்றோடு அவளை வள்ளியாக நிறுத்த எந்த ஊரும் அழைக்காது. குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகுமுன் ஆடியும் வந்துவிடும். ஒரு பிள்ளை பெற்றால் ஓர் ஆண்டுச் சோறு போகிறது! ஆகவே அவள் பிள்ளைப் பேற்றைத் தள்ளிப்போடுகிறாள். அல்லது பச்சை உடம்போடு மேடை ஏறுகிறாள். அவள் கணவனும் நடிகனாக இருந்தால் அவனுக்கு அந்த ஆண்டு ஒரு தேதியும் கெடாது. 2020லும் 2021லும் பெருந்தொற்று வந்து, சரியாக இந்த மாதங்களிலேயே திருவிழாக்கள் நின்றன. இரண்டு ஆண்டு முன்பணம் இல்லை, தேதி இல்லை, மேடை இல்லை. தாலிக்கொடி போனது அடகுக்கடைக்கு, ஆர்மோனியமும் போனது.

ஆணுக்குத் துன்பமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வீட்டில் தந்தையின் பிணம் கிடக்க, கை நீட்டி முன்பணம் வாங்கிவிட்ட குற்றத்துக்காக மேடையிலே சிரித்துக்கொண்டு நின்ற பபூன்கள் உண்டு. பிள்ளைகள் வளர்ந்ததே தெரியாமல் கிழவனான ராஜபார்ட்டுகள் உண்டு. அந்த வேதனையும் வேதனைதான். ஆனால் அவன் வீடு திரும்பினால் அவனுக்கு ஒரு வீடு இருக்கிறது. "நாடகக்காரன்" என்று வாடகைக்கு வீடு மறுப்போர் சிலர். "நாடகக்காரி" என்று மறுப்போர் பலர். மணம் பேச வருகிறவன் போடும் முதல் நிபந்தனை, "மேடையை விட்டுவிடு." மேடையில் கண்டு மயங்கி வந்தவனே அதைச் சொல்கிறான்! இன்னொரு வகையான் இருக்கிறான். ஊரிலே மனைவி மக்களை வைத்துக்கொண்டு இங்கே இரண்டாவது குடும்பம் நடத்துகிறவன். 1949லேயே சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு இருதார மணத்தைச் சட்டம் தடுத்துவிட்டது. தடுத்தது நல்லது. ஆனால் அந்தச் சட்டம் வந்த பிறகும் அவன் இரண்டு வீட்டுக்கும் போய்வருகிறான்; அவள் ஒருத்திதான் மனைவி என்ற உரிமை இல்லாமல் நிற்கிறாள். தாலியும் புரோகிதரும் இல்லாத மணத்தை 1967ல் சட்டப்படி செல்லத்தக்கதாக்கிய இயக்கம் நம் இயக்கம். அந்தச் சட்டத்தின் நிழல் நாடகக்காரியின் வாசல் வரை விழுந்திருக்கவேண்டாமா?

"பெண்களுக்குப் பேறுகாலச் சட்டம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. 1961ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 2017ல் திருத்தி, 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றார்கள். 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் என்றார்கள். பஞ்சாலைத் தோழியருக்கும் அலுவலகத் தோழியருக்கும் பயன் உண்டு; வாழ்த்துகிறோம். ஆனால் அந்த 26 வாரத்தை வள்ளி யாரிடம் போய்க் கேட்பாள்? ஒரே முதலாளியிடம் 80 நாள் வேலை செய்திருக்கவேண்டுமாம். அவளுக்கு எண்பது நாளில் எண்பது முதலாளி! மாரியம்மன் கோயில் விழாக் குழுவிடம் ஒரு வாரமும், அய்யனார் கோயில் விழாக் குழுவிடம் ஒரு வாரமும் கேட்டு வாங்குவாளா?

கழக ஆட்சியிலே 2007ல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென நலவாரியம் அமைந்தது. ஏழைத் தாய்மாருக்கான பேறுகால நிதி உதவி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் வந்தது. எவ்வளவு பொருத்தமான பெயர்! இசையும் நடனமும் தொழிலாகக் கொண்ட குலத்திலே வந்த தாயின் மகள் அந்த அம்மையார். 2022ல் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. தொடங்கிய இடம் மதுரை, ஸ்பெஷல் நாடகத்தின் தாய்வீடு. அதன் அருமையை நாடகக்காரியைக் கேட்டால் சொல்வாள். விடிகிறவரை ஆடிவிட்டு வேனில் வந்து இறங்குகிறாள். அடுப்புப் பற்றவைக்க உடம்பில் உயிர் இல்லை. பிள்ளை பள்ளிக்குப் போனால் அங்கே சூடாக உணவு இருக்கிறது என்றால், அவளுக்கு அது எத்தனை பெரிய ஆறுதல்!

செய்தவற்றைச் சொல்லிப் பெருமைப்படும் உரிமை நமக்கு உண்டு. செய்யாதவற்றைச் சொல்லவேண்டிய கடமையும் உண்டு. அங்கன்வாடி காலையிலே திறக்கிறது, மாலைக்குள் மூடுகிறது. நாடகக்காரிக்கு வேலை இரவிலே! மருத்துவமனைச் செவிலியருக்கும், இரவுப் பணிக்குப் போகும் பனியன் கம்பெனிப் பெண்களுக்கும் இதே சங்கடம்தான். நடிகர் சங்கங்கள் உள்ள ஊர்களிலாவது, அந்தப் பங்குனி முதல் ஆடி வரையிலாவது, ஓர் இரவுக் காப்பகம் நடத்தமுடியாதா? முடியும். பேறுகால உதவி தரும்போது, அவள் இழந்த நாடக மாதங்களுக்கும் சேர்த்து நலவாரியம் கணக்குப் பார்க்கமுடியாதா? முடியும். அவள் நாட்குறிப்பிலே சென்ற ஆண்டின் தேதி அத்தனையும் இருக்கிறது, நடிகர் சங்கத்துக்கும் அவள் ஆட்டம் தெரியும், சாட்சிக்குப் பஞ்சமில்லை.

அரசைச் சொன்னோம். இனி நம்மைச் சொல்லிக்கொள்வோம். நாம் கூட்டுகிற மாநாடுகளில் கலை நிகழ்ச்சி உண்டு. பறையும் உண்டு, நாடகமும் உண்டு. வருகிற பெண் கலைஞர் உடை மாற்றுவதற்கு என்ன ஏற்பாடு? பல ஊர்களில் நாம் கண்டது, பழைய விளம்பரத் துணியைச் சுற்றிக் கட்டிய ஒரு மறைப்பு. அதற்குள்ளே மின்கம்பிகள், தண்ணீர்ப் புட்டிகள், நாற்காலிகள். குழந்தையை எங்கே கிடத்துவாள்? எங்கே உட்கார்ந்து பாலூட்டுவாள்? தலைவர்கள் வரும் வழிக்கு வாழை கட்டினோம். அதை யாரும் மறக்கவில்லை. இதை எல்லாரும் மறந்தோம்.

மறக்கக்கூடியவர்களா நாம்? 1938 நவம்பரை எண்ணிப் பாருங்கள். சென்னையில் பெண்கள் மாநாடு கூடிற்று, ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பெயரை அந்த மாநாடு வழங்கிற்று. மறுநாளே கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்து மகளிர் சிறை புகுந்தார்கள். அந்தப் போரில் சிறை சென்ற பெண்கள் 73 பேர். அவர்களோடு சிறை சென்ற குழந்தைகள் 32! மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்த வீராங்கனைகளில் ஒருவர். ஆடல் பாடல் குலத்துப் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் கொடுமையை ஒழிக்க உழைத்தவர். கைக்குழந்தையோடு வந்த தாயைப் பார்த்து, "உனக்கு ஏனம்மா போராட்டம், வீட்டிலே இரு" என்று அன்று இந்த இயக்கம் சொல்லவில்லை. குழந்தையோடு வா என்றது. சிறைக்கே தொட்டிலைக் கொண்டுபோன இயக்கம், மேடைக்குப் பின்னால் ஒரு தொட்டிலைக் கட்ட மறக்கலாமா?

ஒன்றிய, நகரக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்குப் பந்தற்காரர் அளவெடுக்க வருவார். மேடைக்குப் பின்னால் பத்தடி கூடுதலாக அளக்கச் சொல்லுங்கள். நான்கு பக்கமும் தகரம் அடைத்து ஒரு கதவு, ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி. தொட்டில் கட்ட மேலே ஒரு குறுக்குக் கழி. ஒலிபெருக்கிக் குழாயை அந்தப் பக்கம் திருப்பிக் கட்டவேண்டாம் என்று ஒலிபெருக்கிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாடகம் முடியும்வரை அங்கே இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தொண்டர் இருவர் தேவை. ஒருவர் மகளிரணியில் இருந்து வரட்டும். மற்றவர் ஆணாக இருக்கட்டும்.